பழந்துணியும் பிள்ளை மனமும்

சிறு குழந்தை வளரும் வீடுகள் பலவற்றில், ஓரம் நைந்து நிறம் வெளுத்து மூலை ஒன்று எச்சிலில் நனைந்தே கிடக்கும் ஒரு துணித்துண்டோ, ஒற்றைக் கண் கழன்று பஞ்சு பிதுங்கிய ஒரு பொம்மையோ இருப்பதும், விலை உயர்ந்த புதிய பொம்மைகள் அலமாரி நிறைய இருந்தாலும் உறக்கம் வரும் வேளையில் குழந்தை அந்த ஒன்றையே கேட்டு அடம்பிடிப்பதும் பெற்றோர் அறிந்த செய்திதான். பிள்ளை வளர்ச்சியை ஆராய்வோர் இதனைப் பொதுவாக ஆறுதல் பொருள் என்றும், உளப்பகுப்பாய்வின் மரபில் இடைநிலைப் பொருள் என்றும் வழங்குகின்றனர். அந்தத் துணி பசியாற்றுவதில்லை, பேசுவதில்லை, அழும்போது தானாக வந்து தூக்கிக்கொள்வதுமில்லை; யாரும் அதைக் காட்டி, இதை நேசி என்று குழந்தைக்குக் கற்பிக்கவுமில்லை. அப்படியிருந்தும் அது தொலைந்துபோன இரவில் வீடே உறங்காமல் போகிறது. தாய் இல்லாத நேரத்துக்கு ஒரு பதிலி என்று இதை எளிதாக விளக்கிவிடலாம் என்றாலும், கடந்த எழுபது ஆண்டுகளில் சேர்ந்துள்ள ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கையில் அந்த விளக்கம் பாதி தூரம்தான் செல்கிறது. அத்துணி தாயாக இல்லாமல் இருப்பதும், குழந்தை சொன்னபடி கேட்பதும் அதன் பயனில் பெரும் பங்கு வகிக்கின்றன.

இதைத் தனியொரு ஆய்வுப் பொருளாக முதலில் எடுத்துக்கொண்டவர் பிரித்தானியக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வின்னிகாட் (1896–1971). லண்டனின் பேடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணிபுரிந்து, ஆயிரக்கணக்கான தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் கண்டு பேசியவர் என்பதால், அவருடைய கோட்பாட்டுக்கு அடியில் மருத்துவரின் கூர்ந்த பார்வை எப்போதும் நிற்கிறது. இடைநிலைப் பொருள்களைப் பற்றிய கட்டுரையை அவர் 1951ஆம் ஆண்டு பிரித்தானிய உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் முன் வாசித்தார்; அது 1953இல் அச்சேறியது. அக்கட்டுரை ஒரு சிறு செயலிலிருந்து தொடங்குகிறது: கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பும் குழந்தை, அதே கையின் மற்ற விரல்களால் தன் மேலுதட்டை வருடுகிறது, சில வாரங்களில் மற்றொரு கை விரிப்பின் ஓரத்தையோ போர்வையின் நுனியையோ பற்றி இழுத்து, விரலோடு சேர்த்து வாய்க்குள் கொண்டுபோகிறது, கம்பளியாக இருந்தால் அதிலிருந்து இழைகளைப் பிடுங்கிச் சேர்த்துத் தன்னையே வருடிக்கொள்கிறது. நான்கு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் தோன்றக்கூடிய இத்தகைய பழக்கங்களிலிருந்து ஏதோ ஒன்று உறைந்து நிலைபெற்று, உறங்கும் முன்னும் மனம் சோர்ந்த போதும் குழந்தைக்கு இன்றியமையாததாகிவிடுகிறது என்றும், இதில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும் அவர் பதிவு செய்தார்.

அது ஏன் இடைநிலை என்பதை விளங்கிக்கொள்ள, பிறந்த குழந்தையின் உலகம் பற்றி வின்னிகாட் கொண்டிருந்த கருத்தை அறிய வேண்டும். பசித்து அழுத கணத்திலேயே பால் வந்துவிடுகிற தொடக்க வாரங்களில், தான் வேண்டியதாலேயே அது உண்டாயிற்று என்பது போன்ற ஒரு மாயையில் குழந்தை வாழ்கிறது என்றும், தாய் மெல்ல மெல்லச் சற்றுத் தாமதிக்கத் தாமதிக்க, தன் விருப்பத்துக்குக் கட்டுப்படாத ஒரு புற உலகம் இருக்கிறது என்பது அதற்குப் புலப்படுகிறது என்றும் அவர் கருதினார். அகத்தில் எழும் கற்பனைக்கும் புறத்தில் நிற்கும் மெய்ம்மைக்கும் நடுவிலுள்ள வெளியில்தான் அந்தப் போர்வைத் துண்டு இடம் பெறுகிறது. அது வெளியிலிருந்து வந்த துணி என்பது பெரியவர்களுக்குத் தெரியும் என்றாலும், அதற்கு உயிரும் வெதுவெதுப்பும் தந்தது குழந்தையின் மனம். இதை நீ கற்பனை செய்தாயா, வெளியிலிருந்து பெற்றாயா என்று யாரும் குழந்தையிடம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது என்பது வின்னிகாட்டின் வாதத்தின் மையம். பிற்காலத்தில் விளையாட்டு, கலை, சமய அனுபவம் ஆகியவற்றுக்கும் இதே நடுவெளியே களமாகிறது என்று அவர் நீட்டிச் சென்றது ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றாக இல்லை. ஆனால் குழந்தை அந்தப் பொருளை நடத்தும் விதம் பற்றி அவர் எழுதியவை இன்றும் எந்த வீட்டிலும் சரிபார்க்கத் தக்கவை. குழந்தை அதன்மீது முழு உரிமை கொண்டாடுகிறது. கொஞ்சவும் செய்கிறது, கடித்துக் குதறவும் செய்கிறது. அது எதையும் தாங்கி மீள வேண்டும், குழந்தை மாற்றினாலன்றி மாறக்கூடாது. தாயைத் தரையில் வீசியெறிய முடியாது, துணியை எறியலாம்; தாய்க்கு வேறு வேலை இருக்கும், துணிக்கு இல்லை.

மாறக்கூடாது என்ற நிபந்தனைதான் வீடுகளில் சலவை நாளன்று சண்டையாக வெடிக்கிறது. அழுக்கேறி நாற்றமெடுத்த துணியைத் தாய்மார் பலர் அப்படியே விட்டுவைப்பதை வின்னிகாட் கவனித்து, அதைத் துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு தொடர்ச்சி அறுபடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்று விளக்கினார். இதற்கு உடலியல் சார்ந்த ஆதாரமும் உண்டு: பிறந்து ஒரு வாரம்கூட நிறையாத குழந்தைகளின் முகத்துக்கு இருபுறமும் இரண்டு மார்புத் துணிகளை, ஒன்று தன் தாயுடையது, மற்றொன்று வேறொரு தாயுடையது என வைத்துப் பார்த்த ஆய்வுகளில், குழந்தைகள் தம் தாயின் வாசனை இருந்த பக்கமே அதிக நேரம் முகம் திருப்பியிருந்தன. பார்வை தெளிவதற்கு முன்பே மூக்கால் ஆளறியும் உயிருக்குப் பால், எச்சில், தாயின் தோல், தன் தோல் ஆகியவற்றின் வாசனை ஊறிய துணி ஓர் அடையாள அட்டையாக இருக்க, சோப்புத்தூளின் மணம் அதை ஒரே நாளில் அந்நியமாக்கிவிடுகிறது. தொடுவுணர்வும் இதற்கு இணையாகச் செயல்படுகிறது. குழந்தைகள் தேர்ந்தெடுப்பவை பெரும்பாலும் மென்மையானவை, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன பொருளை அணைத்து உறங்கும் குழந்தை அரிது.

மென்மைக்கு இத்தனை ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்த ஹாரி ஹார்லோ. தாய் உணவூட்டுவதால்தான் குழந்தை அவளிடம் ஒட்டுகிறது என்பதே அக்காலத்து உளவியலில் ஓங்கியிருந்த கருத்து. நோய் பரவாமலிருக்கக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்த ஹார்லோவின் கூடத்தில், கூண்டின் தரையில் விரித்திருந்த அணையாடைத் துணிகளை அக்குட்டிகள் இறுகப் பற்றிக்கொள்வதும், துப்புரவுக்காக அவற்றை எடுத்தால் வீறிட்டுக் கத்துவதும் தற்செயலாகக் கண்ணில் பட்டன. வெறும் கம்பிவலைத் தரையில் விடப்பட்ட குட்டிகள் முதல் ஐந்து நாட்களைத் தாண்டுவதே கடினமாக இருந்தது. இதைத் தொடர்ந்து அவர் இரண்டு செயற்கைத் தாய்களைச் செய்தார்: ஒன்று வெறும் கம்பி உருவம், மற்றொன்று மரக்கட்டைமீது ரப்பர் நுரை பொதிந்து, தேங்காய்ப்பூத் துவாலை போன்ற பஞ்சுத்துணி போர்த்தி, பின்னால் ஒரு மின்விளக்கால் வெதுவெதுப்பூட்டப்பட்ட உருவம். பால்புட்டி கம்பித் தாயிடம் மட்டும் பொருத்தப்பட்டிருந்த குட்டிகளும் பால் குடிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. முன்பின் அறியாத பொருள்கள் நிறைந்த அறையில் விடப்பட்டபோது, துணித் தாய் அங்கிருந்தால் முதலில் ஓடிச்சென்று பற்றிக்கொண்டு, அச்சம் தணிந்தபின் அதை விட்டு இறங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தன, இல்லாவிட்டால் மூலையில் சுருண்டு கிடந்தன. 1958இல் அவர் வெளியிட்ட இம்முடிவுகள், பசியைக் காட்டிலும் தொடுகையின் ஆறுதல் அடிப்படையானது என்பதை நிறுவின.

இச்சோதனைகள் கொடூரமானவை என்ற கண்டனம் இன்றுவரை ஓயவில்லை, அது நியாயமானதும்கூட. அவற்றின் மறுபாதியும் பல வேளைகளில் சொல்லப்படாமல் போகிறது: துணித் தாயோடு மட்டும் வளர்ந்த குட்டிகள் பெரிதானபின் தம் இனத்தோடு பழகத் தெரியாமலும், ஈன்ற குட்டியைப் பேணத் தெரியாமலும் போயின. துணி அச்சத்தைத் தணிக்க வல்லது. உறவைக் கற்றுத்தர அதனால் இயலாது.

மனிதக் குழந்தைகளிடம் இத்தகைய ஒப்பீட்டைத் தீங்கின்றிச் செய்து காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு பாஸ்மன். சார்லஸ் ஷூல்ஸின் 'பீனட்ஸ்' படக்கதையில் லைனஸ் என்னும் சிறுவன் 1954 முதல் போர்வையை இழுத்துக்கொண்டு திரிந்து உலகெங்கும் புகழ்பெற்றிருந்த காலம் அது. எனினும் போர்வை உண்மையிலேயே என்ன செய்கிறது என்பதை யாரும் அளந்திருக்கவில்லை. 1975இல் பாஸ்மனும் அவருடைய சக ஆய்வாளரும் குழந்தைகளை முன்பின் தெரியாத ஓர் அறைக்கு அழைத்துச்சென்று, சிலருக்குத் தாயையும், சிலருக்குப் போர்வையையும், சிலருக்குப் பிடித்தமான ஒரு கெட்டிப் பொம்மையையும் துணையாகத் தந்து, எஞ்சியோரை எதுவுமின்றி விட்டுப் பார்த்தனர். போர்வைமேல் பற்றுக் கொண்ட குழந்தைகள், போர்வை அருகில் இருந்தபோது தாய் அருகில் இருந்தால் எவ்வளவு விளையாடுவார்களோ அவ்வளவுக்கு விளையாடி, அறையைச் சுற்றிப் பார்த்து, அழாமல் இருந்தனர். பொம்மை அப்படியொரு உதவியும் செய்யவில்லை. அத்தகைய பற்று இல்லாத குழந்தைகளுக்குப் போர்வையால் எந்தப் பயனும் விளையாததால், ஆற்றல் துணியில் இல்லை, குழந்தைக்கும் அதற்கும் இடையிலுள்ள பழக்கத்தில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அடுத்து வந்த ஆய்வில் இதன் எல்லையும் தெரிந்தது: பதற்றம் மிதமாக இருக்கும்வரை போர்வை தாய்க்கு ஈடுகொடுக்கிறது, பதற்றம் மிகும்போது தாய் மட்டுமே உதவுகிறாள். 2000ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு மூன்று வயதுக் குழந்தைகளை மருத்துவப் பரிசோதனையின்போது கவனித்து, பற்றுள்ள குழந்தைகளுக்குப் போர்வையும் தாயும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு அமைதி தருவதை நாடித்துடிப்பு, இரத்த அழுத்த அளவீடுகளோடு காட்டியது. தடுப்பூசி போடும் அறைக்குள் அந்த அழுக்குத் துணியை அனுமதிக்க முகம் சுளிக்கும் மருத்துவமனைகள் இம்முடிவைக் கவனத்தில் கொள்வது நல்லது.

இவ்வளவு பயனுள்ள பொருள் எல்லா நாட்டுக் குழந்தைகளிடமும் இருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கத் தோன்றும், ஆனால் அப்படியில்லை. இத்தாலியில் கடீனி தம்பதியர் 1970இல் வெளியிட்ட ஆய்வில், ரோம் நகரைச் சூழ்ந்த கிராமப்புறக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரிடமும், ரோம் நகரக் குழந்தைகளில் 31 பேரிடமும், அதே நகரில் வாழ்ந்த ஆங்கிலம் பேசும் வெளிநாட்டுக் குடும்பங்களின் குழந்தைகளில் 60க்கும் மேற்பட்டோரிடமும் இத்தகைய பொருள் இருந்தது. 1976இல் வெளியான கொரிய – அமெரிக்க ஒப்பீட்டில் கொரியாவில் வளரும் கொரியக் குழந்தைகளிடம் மிகக் குறைவாகவும், அமெரிக்கக் குழந்தைகளிடம் பாதிக்கு மேலாகவும், அமெரிக்காவில் வளரும் கொரியக் குழந்தைகளிடம் இரண்டுக்கும் நடுவிலும் இப்பழக்கம் காணப்பட்டது. டோக்கியோவையும் நியூயார்க்கையும் ஒப்பிட்ட 2003ஆம் ஆண்டின் ஆய்விலும் 38க்கு 62 விழுக்காடு என்று அதே சாய்வு தென்பட்டது. ஒரே இனக் குழந்தைகளிடையே நாடு மாறியதும் அளவு மாறுவதால் இது பிறவிக் குணம் மட்டும் ஆகாது. ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டும் முதன்மையான காரணம் உறங்கும் ஏற்பாடு. தனி அறையில் தனித் தொட்டிலில் விளக்கணைத்து விடப்படும் குழந்தைக்கும், தாயின் உடலை ஒட்டிப் படுத்து, அழுத மறுகணம் பால் பெறும் குழந்தைக்கும் விழிப்பிலிருந்து உறக்கத்துக்குப் போகும் வழி ஒன்றாக இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் பழஞ்சேலையில் கட்டிய தூளியில் பகலில் உறங்கி, இரவில் பாயில் தாய்க்கும் பாட்டிக்கும் நடுவில் கிடக்கும் குழந்தை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது உறங்கும் துணியே தாயின் துணி. அதன் வாசனையைத் தனியாக ஒரு துண்டில் சேமித்து வைக்கவேண்டிய தேவை அதற்குக் குறைவு. ஆனால் கூர்ந்து நோக்கினால் அதன் கை சும்மா இருப்பதில்லை: தாயின் காதுமடலை வருடுகிறது, தாலிக்கொடியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறது, முந்தானை நுனியை வாயிலிட்டுச் சப்புகிறது, சடையின் முனையால் தன் மூக்கைத் தேய்த்துக்கொள்கிறது. ரெனாட்டா கடீனி இவ்வாறு தாயின் உடலோடோ தன் உடலோடோ ஒட்டியிருப்பவற்றை முன்னோடிப் பொருள்கள் என்று வகைப்படுத்தி, அவற்றை முழுமையான இடைநிலைப் பொருளுக்கு முந்தைய படியாகக் கருதினார். அதைப் படி என்று சொல்வதில் ஒரு சாய்வு இருக்கிறது. தனி அறையில் முடியும் பாதையையே வளர்ச்சியின் பொதுப் பாதையாகக் கொண்டால்தான் மற்றது முந்தைய படியாகும். இன்று நகர்ப்புற அடுக்குமாடிகளில் தொட்டிலும் குழந்தைக் காப்பகமும் பெருகிவரும் நிலையில், பாட்டியின் பழஞ்சேலைத் துண்டை எங்கும் இழுத்துச்செல்லும் குழந்தைகளைத் தமிழ் வீடுகளிலும் காண்பது அரிதன்று.

இனி, அந்தப் பொருள் ஏன் அதுவேயாக இருக்க வேண்டும், அதே போன்ற மற்றொன்று ஏன் போதாது என்ற கேள்வி எஞ்சுகிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஹூட், யேல் பல்கலைக்கழகத்தின் பால் புளூம் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வேடிக்கையான வழியைக் கையாண்டது. விளக்குகளும் பொத்தான்களும் பொருத்திய இரு பெட்டிகளை, எந்தப் பொருளையும் அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் என்று மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் காட்டினர். ஒரு பெட்டியில் வைத்த பொருளைப் போன்றதொன்று மற்றப் பெட்டியில் தோன்றியது; அது முன்பே ஒளித்து வைத்த வேறொரு பொருள் என்பது குழந்தைகளுக்குத் தெரியாது. சாதாரணப் பொம்மை கொண்டுவந்த குழந்தைகள் பலர் புதிய நகலை ஆவலோடு கேட்டனர். ஆறுதல் பொருளோடு வந்த குழந்தைகளில் சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே மறுத்தனர். வைக்க இசைந்தவர்களில் பெரும்பாலோர் முடிவில் தம் அசல் பொருளையே திரும்பக் கேட்டனர்.

தோற்றத்திலோ தொடுகையிலோ வேறுபாடு இல்லாத இரண்டில் ஒன்று மட்டும் உண்மையானது என்ற இந்த உணர்வை ஆய்வாளர்கள் சாராம்ச நம்பிக்கை என்ற கருத்தைக் கொண்டு விளக்குகின்றனர். அதாவது பொருளின் கண்ணுக்குப் புலப்படாத உள்ளியல்பும் அது கடந்துவந்த வரலாறும் அதற்குள்ளேயே தங்கியிருப்பதாக மனம் கொள்வது. தாத்தா வைத்திருந்த பழைய கைக்கடிகாரத்தை அதே நிறுவனத்தின் புதுக் கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்ள யாரும் விரும்பாததற்கும் அடிப்படை இதுவே. வளர்ந்தவர்களிடம் அவர்களுடைய பிள்ளைப்பருவ ஆறுதல் பொருளின் நிழற்படத்தைக் கத்தரிக்கச் சொன்ன 2010ஆம் ஆண்டின் ஆய்வொன்றில், அது வெறும் காகிதம் என்று தெரிந்திருந்தும் அவர்களுடைய தோலின் மின்கடத்து திறன், அதாவது பதற்றத்தில் நுண்ணிய வியர்வை அரும்புவதால் ஏறும் அளவு, உயர்ந்தது.

இப்படிப்பட்ட பற்றைக் கோழைத்தனத்தின் அடையாளமாகவும், தாயின் அன்பில் ஏதோ குறை இருப்பதன் அறிகுறியாகவும் காணும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தாயுடனான பிணைப்பு உறுதியாக உள்ள குழந்தைகளிடமும் உறுதி குறைந்த குழந்தைகளிடமும் ஆறுதல் பொருள்கள் காணப்படுவதால், அதை வைத்து வளர்ப்பை மதிப்பிட இடமில்லை. பிணைப்புக் கோட்பாட்டை வகுத்த ஜான் பௌல்பியும் இதை இயல்பானதாகவே கருதினார். இஸ்ரேலில் இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இப்பழக்கத்தில் குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபணு சார்ந்தது என்று கணிக்கப்பட்டதையும் நினைத்தால், பற்று இல்லாத குழந்தைக்கு ஒரு பொம்மையைத் திணிப்பதும், பற்றுள்ள குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்குவதும் ஒன்றுக்கொன்று சளைக்காத வீண்வேலைகள் என்றே தோன்றுகிறது. எச்சரிக்கை தேவைப்படுவது வேறோர் இடத்தில்: மூச்சடைக்கும் ஆபத்தைக் கருதி, பன்னிரண்டு மாதம் நிறையும்வரை குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ மென்பொம்மையோ இருக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது, கழன்று விழக்கூடிய பொத்தான் கண்களும் நீண்ட நாடாக்களும் எந்த வயதுச் சிறு குழந்தைக்கும் ஆகாதவை. தொலைந்துபோகும் அபாயத்துக்கு மாற்றாகத் தொடக்கத்திலிருந்தே ஒரே மாதிரியான இரண்டை மாற்றி மாற்றிக் கொடுத்து இரண்டிலும் வாசனை ஏறச்செய்யும் பெற்றோர், நகல் இயந்திரத்தை ஏமாற்றும் வழியைத் தாமே கண்டுபிடித்தவர்கள். பற்று முற்றியபின் வாங்கும் இரண்டாவது பொம்மை பெரும்பாலும் அலமாரியிலேயே கிடக்கும்.

பிடுங்காமல் விட்டால் இந்தப் பற்று பெரும்பாலான குழந்தைகளிடம் இரண்டு வயதை ஒட்டி உச்சம் பெற்று, பள்ளியும் தோழமையும் வாழ்வில் இடம்பிடிக்கப் பிடிக்கத் தானாகத் தளர்கிறது. காய்ச்சல், வீடு மாறுதல், தங்கையோ தம்பியோ பிறத்தல் போன்ற வேளைகளில் சில நாட்கள் திரும்பி வருவதும் உண்டு. மற்ற இழப்புகளைப் போல அது துக்கிக்கப்படுவதில்லை, மனத்துக்குள் அழுத்தி மறக்கப்படுவதுமில்லை, பொருளிழந்து ஓர் ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது என்று வின்னிகாட் எழுதினார். ஆங்கில எழுத்தாளர் ஏ. ஏ. மில்ன் தம் மகன் கிறிஸ்டோபர் ராபினின் பஞ்சுக் கரடியை வைத்து 1926இல் வெளியிட்ட 'வின்னி தி பூ' உலகப் புகழ்பெற்றது. 1921இல் லண்டனின் ஹாரட்ஸ் கடையில் மகனின் முதல் பிறந்தநாளுக்காக வாங்கப்பட்ட அந்தக் கரடி இன்று நியூயார்க் பொது நூலகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அதைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். அதைத் திரும்பப் பெற விருப்பமில்லையா என்று கேட்கப்பட்டபோது கிறிஸ்டோபர் மில்ன், பல ஆண்டுகளுக்குமுன் தமக்குப் பிடித்திருந்தவற்றைக் காட்டிலும் இன்று பிடித்தவற்றையே அருகில் வைத்துக்கொள்ள விரும்புவதாகத் தெரிவித்தார்.